ஹைதர் சென்னைக்கு வந்திருந்தால்: கடலையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1780-ல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி சென்னைப் பட்டணத்தைப் பிடித்திருந்தால் தென்னாடு என்னவாகியிருக்கும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் தொடங்கியிருக்கும் கற்பனை வரலாற்றின் முதல் பகுதியை ஆவலோடு படித்தோம். நடக்காததை எழுதுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் வரலாற்றை மாற்றலாம். அதற்குப் பிறகு சோறு, தண்ணீர், மழை, காற்று, காசு, அக்கம்பக்கத்து அரசர்களின் பயம் எல்லாம் நிஜத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்க வேண்டும். கட்டுரையாளர் மாற்றியிருக்கும் இடம் சரியில்லை என்பது எங்கள் கருத்து. அடுத்த பகுதி அச்சேறும் முன் அவர் கண்ணில் படட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

அவர் சொல்வது இது: 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியின் தளபதி பெய்லியின் படையை அழித்த கையோடு, ஹைதர் ஆற்காட்டு முற்றுகைக்குத் திரும்பாமல் நேரே கிழக்கே வந்திருந்தால் பத்தே நாளில் பட்டணம் விழுந்திருக்கும். கும்பெனி மூட்டை கட்டியிருக்கும். நிஜாமும் மராத்தியரும் கூட்டாளிகளாகவே நின்றிருப்பார்கள். கிருஷ்ணா ஆறு வரை ஒரே மைசூர்ப் பேரரசு எழுந்திருக்கும்.

முதல் வரியில் நியாயம் இருக்கிறது. பெய்லியோடு போனது, கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த பிளெட்சரின் உதவிப் படையையும் சேர்த்து ஏறக்குறைய 3,800 பேர். பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் 5,000-க்குச் சற்று அதிகமான ஆட்களோடு இருந்த இன்னொரு கும்பெனித் தளபதி சர் ஹெக்டர் மன்றோ, கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பட்டணத்துக்கு ஓடி வந்தார். பட்டணத்தில் அன்று நிலவிய கலக்கத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்தத் தோல்விக்கே காரணமான ஓர் இரவை அவர் விட்டுவிட்டார். அது நம் வடக்கு எல்லையில் ஓடும் ஆற்றில் நடந்தது. குண்டூர்ப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த பெய்லி, ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலை ஆற்றின் வடகரையை அடைந்தார். தண்ணீர் குறைவாக இருந்தும் அன்றே கடக்காமல் கரையிலேயே கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் 3 வரை ஆற்றைத் தாண்ட முடியவில்லை. அந்தப் பத்து நாளில்தான் திப்பு குறுக்கே வந்து நின்றார். எண்ணூரில் கடலைச் சேரும் அந்த ஆறு மேற்கே மழை பெய்தால் எப்படித் திடீரென்று பொங்கும் என்பது மணலி, எண்ணூர் மக்களுக்குப் புதிதல்ல. பெய்லி அன்று மாலையே கடந்திருந்தால் புள்ளலூரே இல்லை. அதுவும் கற்பனைக்கு நல்ல தொடக்கம்தான். ஆனால் அது கும்பெனிக்குச் சாதகமான கற்பனை.

சரி, புள்ளலூர் நடந்தது, ஹைதர் கிழக்கே வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். எதிரே என்ன இருக்கிறது? 1767-ல் மைசூர்க் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்து போனது. 1769-ல் ஹைதரே பட்டணத்து வாசலுக்கு வந்து உடன்படிக்கை வாங்கிக்கொண்டு போனார். அந்த அச்சத்தில், கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் பட்டணத்தைச் (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றிக் கட்டிய மதில் 1780-ல் முழுசாக நின்றது. மேற்கே இன்றைய வால்டாக்ஸ் சாலை, வடக்கே பழைய ஜெயில் சாலை, இப்ராகிம் சாகிப் தெரு. இந்தத் தெருவில் மாடிப் பூங்காவாக நிற்பது அதன் மிச்சம். பால் பென்ஃபீல்ட் ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய மதில் அது. கட்டுரையில் ஹைதரின் குதிரைகள் தங்கசாலைத் தெருவுக்குள் தடையில்லாமல் பாய்கின்றன. மதிலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

மதில் மிக நீளம், காக்க ஆள் போதாது என்பது உண்மை. ஆகவே கறுப்பர் பட்டணம் விழுந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறோம். 1772-ல் கோட்டைக்குக் குடிநீருக்காக அமைத்த ஏழுகிணறும் மதிலுக்கு உள்ளே, கோட்டைக்கு வெளியே இருக்கிறது. அதுவும் அவர் கைக்குப் போயிருக்கும். கட்டுரையாளர் இந்தத் துருப்புச் சீட்டைப் பயன்படுத்தாதது எங்களுக்கு வியப்பு. ஆனால் கோட்டை வேறு. 1758 டிசம்பர் 14 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலி கறுப்பர் பட்டணத்துக்குள் எளிதாகப் புகுந்தார். அங்கிருந்த வீடுகளின் மறைவில் பீரங்கி மேடை அமைத்து இரண்டு மாதம் கோட்டையை அடித்தும் பிடிக்க முடியவில்லை. அதிலிருந்து பாடம் படித்த கும்பெனி, கோட்டையை ஒட்டியிருந்த பழைய ஊரையே இடித்துத் திடலாக்கியது. உயர் நீதிமன்றம் இன்று நிற்பது அந்தத் திடலில்தான். இந்த எல்லைக்குள் கட்டடம் கூடாது என்று 1773-ல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் இருக்கிறது. ஹைதர் வந்திருந்தால் லாலிக்குக் கிடைத்த மறைவு அவருக்குக் கிடைத்திருக்காது. வெட்டவெளியில் பதுங்குகுழி வெட்டித்தான் கோட்டையை நெருங்க வேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டும். முதலில் பீரங்கிக் குண்டு எட்டும் எல்லையில் மதிலுக்கு இணையாக நீளமாக ஒரு குழி. அதிலிருந்து வளைந்து வளைந்து முன்னேறும் குழிகள். நேராக வெட்டினால் கோட்டைப் பீரங்கி குழியின் நீளத்துக்கே சுட்டு, உள்ளே இருப்பவர்களை வாரிக்கொண்டு போய்விடும். பிறகு இன்னும் பக்கத்தில் இரண்டாவது இணைக்குழி. கடைசியில் மிக அருகே கனமான பீரங்கிகளை நிறுத்தி, மதிலின் அடிப்பகுதியிலேயே ஒரே இடத்தில் நாள்கணக்காக அடிக்க வேண்டும். மேலே அடித்தால் கல் உதிருமே தவிர ஏறிப் போக வழி கிடைக்காது. கட்டுரையாளர் ராக்கெட்டுகளை நம்புகிறார். மைசூர் ராக்கெட் இரும்புக் குழலில் மருந்து கெட்டித்து மூங்கிலில் கட்டியது. ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் போகும், குதிரையைக் கலைக்கும், கூரையைக் கொளுத்தும், வெடிமருந்து வண்டிக்கு ஆபத்து. மதிலை உடைக்க அது உதவாது. அதற்குக் குண்டு ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப விழ வேண்டும். ராக்கெட் ஒரே இடத்தில் இரண்டு தடவை விழுவதே அரிது.

இத்தனைக்கும் எத்தனை நாள் ஆகும்? ஊகம் வேண்டாம்; ஹைதர் நிஜமாகவே செய்த முற்றுகை ஒன்று இருக்கிறது. புள்ளலூருக்குப் பிறகு செப்டம்பரில் மறுபடி வளைத்த ஆற்காடு, நவம்பர் தொடக்கத்தில்தான் பணிந்தது. ஏறக்குறைய ஆறு வாரம், அதுவும் பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு, சென்னைக் கோட்டையைவிட மிகவும் பலவீனமான அரணுக்கு. அதே ஆறு வாரத்தைச் செப்டம்பர் 20-லிருந்து இங்கே எண்ணிப் பாருங்கள். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். முற்றுகைப் படை கூடாரம் அடிக்க வேண்டிய மேற்குப் பக்கம் எது? வியாசர்பாடி, புளியந்தோப்பு, பேசின் பாலம். இன்று வடிகால் போட்ட பிறகும் ஐப்பசி மழைக்கு அங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. ராயபுரம் பக்கம் மேடான மணல். கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் கரை சரியும், ஊற்று வரும். வெடிமருந்து நனையும். பீரங்கி வண்டியின் சக்கரம் அச்சு வரை புதையும்.

அடுத்தது சோறு. கட்டுரையின் பெரிய ஓட்டை இதுதான். ஹைதரின் படை 80,000-க்குக் குறையாது. கூட வரும் மாட்டுக்காரர், புல் அறுப்பவர், கடைக்காரர், குடும்பத்தார் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் வாய் என்று குறைவாகவே வைப்போம். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி என்றால் 150 டன். ஒரு பொதிமாடு நூறு கிலோ சுமக்கும் என்றால் தினமும் 1,500 மாடு வந்து இறக்க வேண்டும். ஹைதர் மைசூரிலிருந்து இறங்கி வந்த செங்கம் கணவாயிலிருந்து சென்னை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சுமையோடு நாளுக்கு 15 கிலோமீட்டர் நடந்தால் போகவர 27 நாள். ஆக, அரிசிக்கு மட்டும் எந்த நேரமும் சாலையில் 40,000 மாடு இருக்க வேண்டும். குதிரைக்குக் கொள்ளு, பீரங்கிக்கு மருந்து, குண்டு எல்லாம் தனி. மைசூர் மாடுகள் பேர்போனவை. 1781-ல் சிதம்பரத்தைக் காக்க ஹைதர் 100 மைல் தூரத்தை இரண்டரை நாளில் கடந்ததே அந்த மாடுகளை நம்பித்தான். ஆனால் எந்த மாடும் புல் இல்லாமல் நடக்காது. சென்னையைச் சுற்றிப் பல காத தூரத்துக்கு ஊர்களையும் வைக்கோல் போர்களையும் எரிக்கச் சொன்னது யார்? ஹைதரேதான். கும்பெனிப் படைக்கு ஒரு பிடி நெல்லும் ஒரு மாடும் கிடைக்கக் கூடாது என்பது அவருடைய திட்டம். அது நல்ல திட்டம்; பிறகு வந்த கும்பெனித் தளபதி சர் அயர் கூட் என்பவரை ஓராண்டுக்கு மேல் தவிக்க வைத்த திட்டம். ஆனால் எரித்த மண்ணில் உட்கார்ந்து முற்றுகை போட முடியாது. எரிப்பதா, முற்றுகையிடுவதா என்று ஜூலை மாதமே முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஹைதர் எரிப்பதைத் தேர்ந்தார். செப்டம்பரில் அவர் மனத்தை மாற்றுவதானால் ஜூலையையும் மாற்ற வேண்டும். அப்போது மாற்றம் ஒன்றல்ல, இரண்டாகிவிடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் கோட்டையின் கிழக்கு வாசல் திறந்தே இருக்கிறது. கடல். 300 டன் பிடிக்கும் ஒரே ஒரு வங்காளக் கப்பல் 3,000 மாட்டின் சுமையைக் கொண்டுவந்துவிடும். 1746-க்கும் 1758-க்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே கப்பல்களோடு வந்தார். காவல் இருந்திருக்க வேண்டிய ஆங்கிலக் கப்பற்படை விலகிப் போயிருந்தது. ஒரே வாரத்தில் பட்டணம் பணிந்தது. 1758-ல் லாலியிடம் நல்ல படையும் பொறியாளர்களும் இருந்தார்கள், கடல் மட்டும் அவர் கையில் இல்லை. 1759 பிப்ரவரி 16 அன்று ஆறு ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டன. மறுநாள் முற்றுகையை விட்டுப் போனார். 1780-லும் அப்படித்தான் நடந்தது. மழைக்காலத்தின் நடுவே, நவம்பர் 5 அன்று, சர் அயர் கூட் வங்காளத்திலிருந்து ஐரோப்பியத் துருப்புகளோடும் பதினைந்து லட்சம் ரூபாயோடும் இங்கே இறங்கினார். ஹைதர் வியாசர்பாடியில் கூடாரம் அடித்திருந்தாலும் கூட் இறங்கியிருப்பார். ஹைதரின் சொந்தக் கப்பல்களையோ அந்த டிசம்பரிலேயே மங்களூரில் ஆங்கிலக் கப்பற்படைத் தளபதி ஹியூஸ் அழித்துவிட்டார்.

ஆகவே எங்கள் யோசனை: கிளை பிரிய வேண்டிய மாதம் 1781 பிப்ரவரி, இடம் கடலூர்.

அன்று நடந்தது இது. ஜனவரி 17 அன்று கூட் சென்னையை விட்டுப் புறப்பட்டு, வந்தவாசியை விடுவித்து, புதுச்சேரி வழியாகக் கடலூர் போனார். ஜனவரி இறுதியில் தோர்வ் என்ற பிரெஞ்சுத் தளபதி ஆறு போர்க்கப்பல்களோடு சோழமண்டலக் கரைக்கு வந்தார். ஹியூஸ் மேற்குக் கரையில் இருக்கிறார். கிழக்குக் கடலில் தோர்வை எதிர்க்க ஆளில்லை. தரைப் பக்கம் ஹைதர். கூட்டிடம் இருந்தது சில நாளுக்கான அரிசி. கும்பெனியின் தென்னிந்தியப் படை முழுவதும் ஒரே பொறியில். இன்னும் சில வாரம் நில்லுங்கள் என்று ஹைதர் கேட்டார். பிப்ரவரி நடுவில் தோர்வ் பாய் விரித்து மொரீஷியஸ் தீவுக்குத் திரும்பிவிட்டார். கடல்வழி அரிசி வந்தது. ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் கூட் வென்றார்.

தோர்வ் கோழை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அவருக்கு உண்மையான தட்டுப்பாடு தண்ணீர். ஆறு கப்பலில் கப்பலுக்கு 500 பேர் என்றே வைப்போம். ஆளுக்கு நாளைக்கு நாலரை லிட்டர். தீவுக்குத் திரும்ப இரண்டு மாதத் தண்ணீராவது கையில் இருக்க வேண்டும். அதாவது எட்டு லட்சம் லிட்டர், 200 லிட்டர் பீப்பாயில் 4,000 பீப்பாய். இந்தக் கரையில் அன்று எங்கேயும் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போடும். பீப்பாய் ஒவ்வொன்றும் அலையைத் தாண்டிப் படகில் போக வேண்டும். ஐரோப்பியக் கப்பலின் சொந்தப் படகு நம் அலையில் மாட்டினால் ஆணி பெயர்ந்து பிளந்துவிடும். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலா படகு மட்டுமே வளைந்து கொடுத்துக் கரை ஏறும். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் கரையோர மீனவர்கள் மட்டுமே. கூட் புதுச்சேரியைக் கடந்தபோது அங்கிருந்த படகுகளை அழித்துவிட்டுத்தான் போனார். அந்தப் போரில் அவர் எடுத்த மிகக் கூர்மையான முடிவு அதுவே என்போம். கரையில் ஹைதரின் அரிசி இருந்தும், ஆற்றில் தண்ணீர் இருந்தும், அவை கப்பலுக்குப் போக வழி இல்லை.

எனவே கட்டுரையாளர் தேட வேண்டியது படகு. அது எங்கே இருந்தது? டச்சுக்காரர்களிடம். வடக்கே பழவேற்காடு, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சதுரங்கப்பட்டினம், தெற்கே நாகப்பட்டினம், கடலுக்கு அப்பால் பெருங்கப்பல்கள் பத்திரமாக ஒதுங்கக்கூடிய திருகோணமலை. 1781 பிப்ரவரியில் இவை எல்லாம் டச்சு இடங்கள், நடுநிலை இடங்கள். ஏனென்றால் பிரிட்டன் டச்சுக்காரர் மீது போர் அறிவித்ததே 1780 டிசம்பர் 20 அன்றுதான். சேதி இங்கே வந்து சேர மாதங்கள் பிடித்தன. வந்ததும் கும்பெனி முந்திக்கொண்டு சதுரங்கப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் பிடித்தது. ஆண்டு முடிவதற்குள் நாகப்பட்டினம், 1782 ஜனவரியில் திருகோணமலை.

அந்தப் போர் ஆறு மாதம் முன்னால் தொடங்கியிருந்தால்? இதற்கு ஒரு சின்னக் காரணம் தயாராகவே கிடக்கிறது. அப்போது பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கக் காங்கிரஸ் ஹென்றி லாரன்ஸ் என்பவரை டச்சு நாட்டுக்குத் தூதராக 1779 இறுதியிலேயே தேர்ந்துவிட்டது. கப்பல் கிடைக்காமல் அலைந்து 1780 ஆகஸ்டில்தான் புறப்பட்டார். செப்டம்பர் 3 அன்று நியூபவுண்ட்லாந்து பக்கத்தில் ஆங்கிலேயரிடம் மாட்டினார். காகிதப் பையைக் கடலில் வீசினார். அது முழுகுவதற்குள் ஆங்கில மாலுமிகள் கொக்கி போட்டு இழுத்துவிட்டார்கள். உள்ளே ஆம்ஸ்டர்டாம் ஆட்கள் அமெரிக்கரோடு பேசி எழுதிய வரைவு ஒப்பந்தம். ரஷ்யா கூட்டிய ஆயுதமேந்திய நடுநிலைக் கூட்டணியில் டச்சுக்காரர் சேருமுன் அடிக்க வேண்டும் என்று காத்திருந்த பிரிட்டனுக்கு அது போதுமான சாக்கு. லாரன்ஸ் நினைத்தபடி 1780 தொடக்கத்திலேயே கப்பல் ஏறி, அப்போதே மாட்டியிருந்தால், கோடையில் போர். ஜனவரிக்குள் சேதி சோழமண்டலத்துக்கு வந்திருக்கும். தோர்வ் வரும்போது சதுரங்கப்பட்டினத்து, நாகப்பட்டினத்துப் படகுகள் அவருக்காகக் காத்திருக்கும். ஒதுங்கத் திருகோணமலை இருக்கும். மார்ச் வரை நிற்பார். கூட் பசியால் பணிவார். மாற்றம் ஒன்றே ஒன்று, அதுவும் அட்லாண்டிக் கடலில். மீதி எல்லாம் தானாக விழுகிறது. கும்பெனிக்கும் அதே சேதி அதே நேரத்தில் வருமே என்று கேட்கலாம். வரும், ஆனால் ஜனவரியில் கூட்டின் படை தெற்கே வந்தவாசி வழியில், ஹியூஸ் மேற்குக் கரையில். முந்திக்கொள்ளக் கையில் ஆள் இருக்காது.

இனிக் கூட்டணி. கட்டுரையின் இரண்டாம் பகுதி இதைப் பற்றியது என்று அறிவிப்பில் பார்த்தோம். பூனா மராத்திய அரசின் அமைச்சர் நானா பட்னாவிஸ் ஏற்பாட்டில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது: மைசூருக்குக் கர்நாடகம் (அன்று ஆற்காட்டு நவாபின் நாட்டுக்கு அந்தப் பெயர்), பூனாவுக்கு மேற்குக் கரை, நிஜாமுக்கு வட சர்க்கார்கள் (இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பகுதி), நாக்பூரை ஆண்ட மராத்தியர் போன்ஸ்லேக்கு வங்காளம். நால்வரும் சேர்ந்ததற்குக் காரணம் நான்கு வெவ்வேறு கோபங்கள். நிஜாமின் கோபம் குண்டூர். அவர் தம்பி பசாலத் ஜங்கிடமிருந்து அதைச் சென்னைக் கும்பெனி வாங்கி ஆற்காட்டு நவாபுக்குக் குத்தகை விட்டது. ஹைதரின் கோபம் இரண்டு. 1769-ல் கொடுத்த வாக்கின்படி மராத்தியர் தாக்கியபோது கும்பெனி உதவிக்கு வரவில்லை. 1779-ல் அவருக்கு ஆயுதம் வரும் வழியான, மேற்குக் கரையில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மாகேயைப் பிடித்துக்கொண்டது. வங்காளத்தில் இருந்த கும்பெனியின் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் இந்தக் கோபங்களை ஒவ்வொன்றாக விலை கொடுத்து வாங்கினார். குண்டூரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தாமதித்த சென்னை ஆளுநர் வொயிட்ஹில்லைப் பதவியிலிருந்தே இறக்கினார். நிஜாம் சும்மா இருந்துவிட்டார். ஒடிசா வரை வந்திருந்த போன்ஸ்லேயின் படைக்குப் பணம் போயிற்று.

இந்த இரண்டின் விளைவு வடசென்னைக்கு மிக அருகில் தெரிந்தது. வங்காளத்திலிருந்து கர்னல் பியர்ஸ் நடத்திவந்த சிப்பாய்ப் படை ஒடிசாக் கரையிலுள்ள கஞ்சத்தில் வாந்திபேதியில் பலரைப் பறிகொடுத்தும், கட்டாக்கையும் சர்க்கார்களையும் ஒரு சண்டையும் இல்லாமல் கடந்து, 1781 ஆகஸ்டில் பழவேற்காட்டில் கூட்டோடு சேர்ந்தது. நிஜாமோ போன்ஸ்லேயோ தம் பங்கு வேலையைச் செய்திருந்தால் அந்தப் படை கோதாவரியைத் தாண்டியிருக்காது. கூட் கடலூரில் பணிந்துவிட்டார் என்ற சேதி மார்ச்சில் போனால் அவர்கள் இருவரும் கணக்கை மாற்றிப் போட்டிருப்பார்கள். பியர்ஸ் அப்போது கஞ்சத்தில்தான் இருந்தார். இது கட்டுரையாளருக்கு உதவும் இடம்.

ஆனால் அவர் காட்டும் நீண்ட நட்பு நடக்காது. எழுந்து வரும் அரசுக்கு முதலில் பயப்படுகிறவர் அதன் பக்கத்து அரசர்தான். நிஜத்திலேயே மராத்தியர் 1782 மே 17 அன்று சால்பையில் கும்பெனியோடு சமாதானம் செய்தபோது, ஹைதர் பிடித்த நாடுகளை ஆறு மாதத்தில் திருப்பிக் கொடுக்கச் செய்வோம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதே ஹைதரின் கூட்டாளிகள்! 1786-ல் நிஜாமும் மராத்தியரும் சேர்ந்து திப்புவோடு போரிட்டார்கள். 1790-ல் அந்த இருவரும் கும்பெனிப் பக்கம். 1792-ல் திப்பு பாதி நாட்டையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் இழந்தார். சென்னை மைசூர் கையில் இருக்கும் கற்பனையில் இந்த வரிசை இன்னும் வேகமாக வரும். துங்கபத்திரைக்கும் கிருஷ்ணாவுக்கும் இடைப்பட்ட நாட்டின் மேல் பூனாவுக்கு உரிமைப் பேச்சு உண்டு. குண்டூருக்கு அடுத்த வீட்டுக்காரராக மைசூர் வந்தால் நிஜாம் தூங்க மாட்டார். 1783-லேயே மூவரும் மோதிக்கொள்வார்கள் என்பது எங்கள் மதிப்பீடு. அதற்குள் 1782 டிசம்பர் 7 அன்று ஹைதர் இறந்துவிடுகிறார் என்பதையும் மறக்கக் கூடாது. அவர் உடல்நிலையை லாரன்ஸின் காகிதப் பை மாற்றாது.

சென்னை யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. கப்பல் கொண்டுவந்தவர் கடற்கரைக் கோட்டையைக் கேட்பார். கோட்டையில் பறப்பது பிரெஞ்சுக் கொடியானால், 1783-ல் ஐரோப்பாவில் சமாதானம் பேசும் மேசையில் அது ஒரு சரக்கு. 1746-ல் இழந்த சென்னை இங்கே யாரும் சண்டையிட்டு மீளவில்லை. வட அமெரிக்காவின் லூயிபர்க் கோட்டைக்கு மாற்றாக 1748 உடன்படிக்கையில் கைமாறித் திரும்பியது. அதே வழக்கம் மறுபடி நடந்தால் கும்பெனி மூன்று ஆண்டில் கோட்டைக்குத் திரும்பியிருக்கும். வங்காள வருமானம் அதன் கையில் இருக்கும்வரை, சென்னை போனதால் மட்டும் அது மூட்டை கட்டாது.

ஜனங்களையும் கொஞ்சம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் போரின் பஞ்சத்தில்தான் 1782-ல் இங்கே மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பது அதனால். யார் வென்றதாக எழுதினாலும் எரிந்த வயல்கள் எரிந்தவையே. வங்காள அரிசி வரும் கடல் மூடினால் இந்தப் பட்டணத்து வீதியில் அந்தப் பசி ஒரு வருடம் முன்னதாகவே வரும். ஏழுகிணற்றுத் தெருவிலும் முத்தியால்பேட்டையிலும் அது எப்படி இருந்திருக்கும் என்று இரண்டு பத்தியாவது அடுத்த பகுதியில் இடம்பெற வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, வரைபடம். அதில் 1780-ல் சென்னைத் துறைமுகம் காட்டப்பட்டிருக்கிறது; அதன் வேலை தொடங்கியதே அடுத்த நூற்றாண்டில். பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் கும்பெனியின் நிறத்தில் உள்ளன. நாகப்பட்டினத்தோடு சேர்த்து டச்சு நிறம் தீட்ட வேண்டும். தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுடையது. புதுச்சேரியைப் பிரெஞ்சு நிறத்தில் போட்டிருக்கிறீர்கள். 1778 அக்டோபரிலேயே அது மன்றோவிடம் விழுந்துவிட்டது. கொசஸ்தலை ஆறு வரைபடத்தில் இல்லவே இல்லை.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21